கனிக்குப் பொருந்திய மருந்து

ஜூன் 9

உவரியில் வைகாசி விசாகம். கூட்டத்தில் என் செருப்பு தொலைந்தது. ஒரு காலுடையது மட்டும். எடுத்தவர் அதை எந்தக் காலில் மாட்டிக்கொண்டு போனாரோ, மவராசனாக இருக்கட்டும்.

தம்பி லிங்கதுரை, அவன் மனைவி கனி, நான், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர், எல்லாரும் ஒரே வேனில் போனோம். கனி கடலில் இருந்து ஓலைப்பெட்டியில் மண் அள்ளித் தலையில் சுமந்து வந்து கோவிலடியில் கொட்டினாள். பிள்ளை வரத்துக்கான நேர்த்திக்கடன். கழுத்து, காது, ஜாக்கெட் எல்லாம் ஈர மணல். "போதும் ஏட்டி, கோவிலையே மூடிருவ போல" என்றேன். சிரித்தாளே தவிர நிறுத்தவில்லை.

திரும்பும்போது வேனின் கடைசி சீட்டில் என் காதோடு சொன்னாள். "மைனி, எனக்குத் தள்ளிப் போயிருக்கு. பங்குனிக்குப் பொறவு தலைக்குக் குளிக்கல. அவியகிட்ட இப்பச் சொல்லிராதிய."

முன் சீட்டில் லிங்கதுரை டிரைவரோடு முருங்கைக்காய் விலையைப் பேசிக்கொண்டு வந்தான். திசையன்விளையில் முருங்கைக்காய் மண்டி வைத்திருப்பவனுக்கு விசாகமும் ஒன்றுதான், வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான்.

நான் டாக்டர். ஹோமியோபதி டாக்டர் என்றாலும் டாக்டர்தான். எதைக் கேட்டாலும் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளப் பழகியவள். ஆனாலும் ஊர் வந்து சேரும்வரை அவள் கையை நான் விடவில்லை.

ஜூன் 10

சோதனைக் குச்சியை உள்ளூர் மெடிக்கலில் வாங்கினால் மத்தியானத்துக்குள் மண்டி வரை செய்தி போய்விடும். பஸ் ஏறி சாத்தான்குளம் போய் வாங்கி வந்தேன்.

ஒற்றைக் கோடு. கர்ப்பம் இல்லை.

கனி அடுக்களைக்குப் போனாள். இட்லி அவித்தாள், சட்னி அரைத்தாள். சட்னியில் உப்பில்லை. லிங்கதுரைகூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இருந்தும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 12

இட்டமொழியில் இருந்து ஒரு அம்மாள் தன் மகளைக் கூட்டி வந்தாள். கல்லூரிப் பெண். மாதவிலக்கு வந்து ஐந்து மாதமாம். "சீனி மாத்திர ரெண்டு குடுங்க டாக்டர், வந்துரும்" என்றாள் அம்மா. ஊரில் எனக்கே சீனி டாக்டர் என்றுதான் பெயர்.

இப்படித்தான் எல்லாரும். குழாயில் தண்ணீர் வரவில்லை, திறந்துவிடு என்பதுபோல வந்து நிற்பார்கள். ஏன் நின்றது என்று யாரும் கேட்பதில்லை. கர்ப்பமாக இருக்கலாம். தைராய்டாக இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டியாக இருக்கலாம். பட்டினி கிடந்து உடம்பு இளைத்திருக்கலாம். துக்கம், பயம், பரீட்சை என எதுவும் இருக்கலாம். அரிதாகச் சிலருக்கு மண்டைக்குள்ளேயே காரணம் இருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் மருந்தைக் கொடுப்பவர் டாக்டர் இல்லை, மிட்டாய் வியாபாரி. அந்த அம்மாளிடம் இதை அப்படியே சொன்னேன். ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வாசல் வரை முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

பெண் சோறே தின்பதில்லை என்பது அவள் மணிக்கட்டைப் பார்த்தாலே தெரிந்தது. பரிசோதனை பரிசோதனைதான், இருக்கட்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கிளினிக் லீவு. கிளினிக் என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான். கனி தானாக வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீங்களே பாருங்க மைனி. வேற எங்கயும் என்னால முடியாது."

எனக்குத் தெரியும். இரண்டு வருடம் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். ஊசி, ஸ்கேன், மறுபடியும் ஊசி. ஒரு நாள் அங்கே ஒரு நர்ஸ், "பிள்ளை இல்லாத கேஸ் எல்லாம் இந்தப் பெஞ்சுக்கு வாங்க" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டாளாம். கனி எழுந்து அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அதன்பிறகு அந்தப் படி ஏறவில்லை. இன்று என் கையை இழுத்துத் தன் கையால் அடித்துச் சத்தியம் வாங்கினாள், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்று. நானும் கையைக் கொடுத்தேன்.

பிறகு முறைப்படி விசாரணை. எங்கள் வைத்தியத்தில் நோய்க்கு மருந்து கிடையாது, ஆளுக்குத்தான் மருந்து. அதனால் கேள்வி கேட்டே ஆளைப் பாதி கொன்றுவிடுவோம்.

"தாகம் எடுக்குமா?"

"தண்ணி நெனப்பே வராது. நீங்க வெரட்டுனாத்தான் குடிக்கேன்."

"கதவு சாத்துன ரூம்ல இருப்பியா?"

"மூச்சு முட்டும். சன்னல் தெறந்திருக்கணும்."

"அழுக வருமா?"

"எதுக்கெடுத்தாலும் வரும். யாராவது தலையில கை வச்சா நின்னுரும். இதெல்லாம் ஒங்களுக்கே தெரியும்லா, ஒரே வீட்டுலதான இருக்கோம்."

"தெரியும். ஆனா கேக்கணும். அதான் முறை."

தலைவலி உண்டா என்று கேட்டேன். நெற்றியில் உண்டு, அடிக்கடி உண்டு என்றாள்.

எல்லாம் முடிந்ததும் எழுந்து கதவைச் சாத்தினாள். ஜாக்கெட் கொக்கியைக் கழற்றி லேசாக அழுத்திக் காட்டினாள். ஒரு சொட்டு வெள்ளை.

"பாலு மைனி. சித்திரையில இருந்து வருது. புள்ள இல்லாம பாலு வருமா?"

அவள் முகத்தில் பயம் இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த பண்டத்தைக் காட்டும் சின்னப் பிள்ளை போல இருந்தாள்.

எனக்கு அந்த நிமிடம் வந்தது என்ன என்று உள்ளபடி எழுதுகிறேன். சந்தோஷம் வந்தது. மாதவிலக்கு வரவேண்டிய இடத்தில் பால். சாது குணம், உடனே அழுகை, ஆறுதல் சொன்னால் அடங்குவது, தாகமின்மை, காற்றுக்குத் தவிப்பு. எல்லாம் ஒரே மருந்தின் கீழே எழுதியிருக்கிறது. பல்சட்டில்லா. கனியை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு எழுதியதுபோல் வரிக்கு வரி. இத்தனை வருடத்தில் ஒரு நோயாளிக்கும் இப்படி ஒரு பொருத்தம் எனக்கு அமைந்ததில்லை.

"ஒரு ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்துப் பாத்துருவோமா?" என்றும் கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். அவள் கொக்கியை மாட்டிக்கொண்டு, "இப்பத்தான சத்தியம் பண்ணினிய" என்றாள். நான் அதற்கு மேல் பேசவில்லை. மருந்துதான் இவ்வளவு பொருந்துகிறதே.

ஜூன் 16

காலையில் வெறும் வயிற்றில் முதல் வேளை. காபி கூடாது என்று சொல்லிவிட்டேன். "அவளுக்குக் கூடாதுன்னா எனக்கும் வேண்டாம்" என்று லிங்கதுரை ஒரு நாள் வீரம் பேசினான். மத்தியானம் மண்டிக்கு எதிர்த்த கடையில் நின்று குடித்ததைப் பார்த்தேன்.

ஜூன் 29

தலைவலி கூடியிருக்கிறது. நல்ல அறிகுறி. சரியான மருந்து என்றால் முதலில் தொந்தரவு கூடும், அப்புறம்தான் இறங்கும். கல்லூரியில் முதல் வருடமே சொல்லிக் கொடுத்தது.

கனியிடமும் சொன்னேன். நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அப்போ மருந்து வேல செய்யுதுல்லா மைனி" என்றாள்.

ஜூலை 8

புது டப்பிகள் கழுவிக் காய வைத்தேன். சீனி உருண்டையில் எறும்பு. நேற்று மூடியைச் சரியாக மூடாதது யார் என்று வீடு முழுக்க விசாரித்தேன். நான்தான்.

ஜூலை 17

கனி நிலைக்கதவில் தோளை இடித்துக்கொண்டாள். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ. நேற்று கிரைண்டர் முனையில் இடுப்பு. "கதவு அங்கயேதான் இருக்கு, கல்யாணமாகி நீ வந்த நாள்ல இருந்து" என்றேன். "அது என்னைத் தேடி வருது மைனி" என்றாள். சிரித்தோம்.

பல்சட்டில்லாக்காரர்களுக்கு நினைவு கொஞ்சம் பராக்கு பார்க்கும். அதுவும் புத்தகத்தில் இருப்பதுதான்.

ஜூலை 26

மண்டியில் ஆள் குறைவு என்று கனியும் முருங்கைக்காய் கட்டுக் கட்டப் போனாள். வரும்போது ஸ்கூட்டரை எஸ்தர் வீட்டு கேட் தூணில் உரசிக்கொண்டு வந்து நின்றாள். எஸ்தர் பக்கத்து வீட்டுக்காரி. இடுப்பில் ஏழு மாதக் குழந்தையோடு ஓடி வந்து, "எக்கா, தூணு கண்ணுக்குத் தெரியலயா?" என்றாள் விளையாட்டாக.

"இந்தப் பக்கம் தூணு இருந்ததா?" என்று கேட்டாள் கனி. அவள் விளையாடவில்லை.

லிங்கதுரை சாவியை வாங்கி பீரோவில் வைத்துவிட்டான். முழங்கை சிராய்ப்புக்கு ஆர்னிகா கொடுத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கனி கேட்டாள். "மாசம் வரணும் மைனி. ஆனா பாலு நிக்காம மாசம் வருமா?"

"ஏன்?"

"சும்மாத்தான் கேக்கேன்."

ஒன்று வந்தால் ஒன்று போகும் என்று அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பாப்போம்" என்றேன். டாக்டர்களுக்கு எந்த நேரத்திலும் கைகொடுக்கும் சொல்.

ஆகஸ்ட் 14

எஸ்தர் ரேஷன் கடைக்குப் போகும்போது குழந்தையைக் கனியிடம் விட்டுவிட்டுப் போனாள். கடையில் வரிசை நீளமாக இருந்திருக்க வேண்டும். குழந்தை அழுத சத்தம் கிளினிக் வரை வந்தது. பிறகு சட்டென்று நின்றது. பால் பாட்டிலை எஸ்தர் எங்கள் வீட்டுத் திண்ணைக்கட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள், அதைக் கொடுக்கலாம் என்று உள்ளே போனேன்.

கனி கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். குழந்தையின் கால் மட்டும் வெளியே தெரிந்தது. அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

நான் பாட்டிலோடு திரும்பி வந்துவிட்டேன். நான் எதையும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15

நேற்றைப் பற்றி யாரும் பேசவில்லை. கனி பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். அவள் பாடி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. குழந்தைக்கு இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை, எஸ்தரிடம் சொல்ல வேண்டியதும் இல்லை. இந்த வீட்டில் நான் சாப்பிட்டேனா என்று கேட்கும் ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 2

மத்தியானச் சாப்பாட்டில் கனியின் தட்டில் சோறும் குழம்பும் மட்டும் காலியாகியிருந்தது. இடது ஓரத்தில் கூட்டு, வலது ஓரத்தில் அப்பளம், இரண்டும் வைத்தபடி இருந்தன.

"கூட்டு பிடிக்கலயா?"

"கூட்டு வச்சியளா? எங்க?"

தட்டைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே வைத்தேன். "ஆமா" என்று எடுத்துச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 5

மருந்தை இருநூறில் இருந்து ஆயிரம் வீரியத்துக்கு ஏற்றினேன். தலைவலி இன்னும் இறங்கவில்லை. மாதவிலக்கும் வரவில்லை. சில உடம்புக்கு மருந்து உள்ளே இறங்க நாளாகும்.

செப்டம்பர் 19

மேல் அலமாரியைத் தூசி தட்டினேன். பழைய உடற்கூறியல் புத்தகம் கையில் வந்தது. இறுதியாண்டில் சிவப்புப் பென்சிலால் நான் வரைந்த படங்கள் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் புரட்டினேன். பார்வை நரம்புகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடம், அதற்கு நேர் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி. அன்று நன்றாகத்தான் வரைந்திருக்கிறேன்.

நோயாளி வந்துவிட்டார். புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 30

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 8

காலையில் லிங்கதுரை மண்டிக்குப் போனதும் கனியைக் கூப்பிட்டு எனக்கு எதிரே உட்கார வைத்தேன். என் மூக்கையே பார்க்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஒங்க மூக்கு அப்படியே கெடக்கு மைனி."

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினேன்.

"வெரல் தெரியுதா?"

"எந்த வெரலு?"

மெதுவாக நடுவுக்குக் கொண்டு வந்தேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். என் கை என் கன்னத்தைத் தொடப்போகும் இடத்தில், "இப்பத் தெரியுது" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொள் என்றேன். தலைக்குள் ஸ்கேன் எடுக்க வேண்டும், இது கர்ப்பப்பை விஷயம் இல்லை என்றேன். அவள் அழுதாள். நான் தலையில் கை வைத்தேன். அழுகை நின்றது.

"தீவாளிக்கு எங்க அம்மையும் தம்பியும் வாராவ. தல தீவாளிக்குப் பொறவு இந்த வருசம்தான் அம்ம வாரா. அவ முன்னால நான் ஆஸ்பத்திரியில கெடக்கணுமா? தீவாளி கழிஞ்ச மறுநாளு நீங்க எங்க கூப்பிட்டாலும் வாரேன் மைனி. இது என் சத்தியம்."

இத்தனை மாதம் போனது. இன்னும் பன்னிரண்டு நாள். சரி என்றேன்.

லிங்கதுரையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்றே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

அக்டோபர் 12, ஞாயிறு

முறுக்குக்கு மாவு அரைக்கப் போனேன். மில்லில் ஏகக் கூட்டம்.

அக்டோபர் 18

கனியின் அம்மாவும் தம்பியும் வந்துவிட்டார்கள். பனங்கற்கண்டும் கருவாடும் கொண்டு வந்தார்கள். கருவாட்டை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கனி சிரித்தாள். அம்மா மகளைப் பார்த்து, "மொகம் வெளுத்துப் போச்சே" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டில் டாக்டர் இருந்தால் எல்லாரும் அவளைத்தான் பார்ப்பார்கள்.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச் சேலை கட்டி, கனி எண்ணெய்ச்சட்டி முன்னால் நின்று அதிரசம் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாந்தி. தலையில் இடி விழுந்ததுபோல் இருக்கிறது என்றாள். பிறகு கையை முன்னால் நீட்டித் துழாவினாள்.

"மைனி, கரன்டு போயிட்டா?"

காலை பத்து மணி. சன்னல் வழியாக வெயில் அவள் மடியில் விழுந்திருந்தது.

அக்டோபர் 21

திருநெல்வேலி. பெரிய ஆஸ்பத்திரி.

இளம் டாக்டர். பொறுமையாகச் சொன்னார். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் கட்டி. பாலைச் சுரக்க வைத்தது அதுதான். மாதவிலக்கை நிறுத்தியது அதுதான். தலைவலியும் அதுதான். வளர்ந்து வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தியிருக்கிறது. நேற்று கட்டிக்குள் ரத்தம் கசிந்து திடீரென்று வீங்கிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை, மூக்கு வழியாக.

"ரொம்ப மாசமா அறிகுறி இருந்திருக்கே. ஆரம்பத்துலயே வந்திருந்தா இந்த மாதிரி கட்டி பெரும்பாலும் மாத்திரையிலயே சுருங்கிரும். இதுவரைக்கும் எங்க காட்டுனீங்க?"

லிங்கதுரை என் பக்கம் திரும்பவில்லை. "எங்கயும் காட்டல சார்" என்றான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். நானும் ஒரு டாக்டர் என்று அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 24

அறுவை சிகிச்சை முடிந்தது. உயிருக்குப் பயம் இல்லை. பார்வை பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

கனியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்ததால எம்மக பொழைச்சா" என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் காரணம் கேட்பாள்.

நவம்பர் 6

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. சன்னல் எந்தப் பக்கம் என்று சொல்கிறாள். ஆள் தெரியவில்லை. மற்றக் கண்ணில் ஒன்றும் இல்லை. நரம்பு நெடுநாள் அழுந்திக் கிடந்ததால் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாத்திரை தொடர வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் மாதவிலக்கு திரும்ப வரவும், அதற்குப் பிறகு குழந்தை தங்கவும் வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். கேட்டதும் லிங்கதுரை வராந்தாவுக்குப் போய்விட்டான். கனி மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 11

கனிக்கு லிங்கதுரை சோறு ஊட்டினான். பிறகு தன் தட்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். வந்து இத்தனை நாளில் இன்றுதான் என்னோடு பேசினான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும்."

"நான் அதக் கேக்கல."

காத்திருந்தான். சோற்றைச் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். இந்த வீட்டில் அவன் தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை.

நவம்பர் 19

கிளினிக்கை மூடி வைத்திருக்கிறேன். கதவைத் தட்டுகிறவர்களிடம் உடம்பு சரியில்லை என்கிறேன். யாருக்கு என்று கேட்பதில்லை.

நவம்பர் 27

பக்கத்து வீட்டில் குழந்தை அழுதது. கனி கட்டிலில் இருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கச் சன்னல் வரை நடந்தாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

"நின்னுட்டு மைனி. ஒரு சொட்டு இல்ல."

நான் போய் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு நீங்க பாட்டிலோட வந்திய. நீங்க திரும்பிப் போகையில தலையத் திருப்பிப் பாத்தேன். அப்போ எனக்குக் கொஞ்சம் தெரியும்லா."

"ஆமா."

"யார்கிட்டயும் சொல்லாம இருந்தியளே. அது போதும்."

இவள் என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும். முகத்தில் துப்பினால் இன்னும் நன்றாக இருக்கும். என் மனசு வெந்து கிடக்கிறது, இவள் நன்றி சொல்கிறாள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். இந்த வயதில் இப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 10

இட்டமொழி அம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்று மகளுக்குச் சரியாகிவிட்டது என்றாள். பரிசோதனையில் தைராய்டு இருந்ததாம், மாத்திரை சாப்பிடுகிறாளாம். சோறும் தின்கிறாளாம். "நீங்க அன்னைக்கு வெரட்டி அனுப்புனது நல்லதாப் போச்சு டாக்டர்" என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள்.

முன்பின் தெரியாத பெண்ணுக்கு எழுதிக் கொடுக்க என் கை தயங்கவில்லை.

பழத்தை மண்டிக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 22

கனி வீட்டைக் கையால் படித்துக்கொண்டிருக்கிறாள். நிலைக்கதவில் இப்போது இடிப்பதே இல்லை. கையை முன்னால் நீட்டித் தொட்டுவிட்டு உள்ளே போகிறாள். அடுக்களையில் உப்பு, புளி, மிளகாய் வரிசையை மாற்றக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் உத்தரவு. லிங்கதுரை காபிப்பொடியை இடம் மாற்றி வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சத்தம் போட்டதைக் கேட்டு, அவன் சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆனால் நான் இருந்த அறையில் சிரித்தான்.

ஜனவரி 15

பொங்கலுக்கு என் தலைமாட்டில் புதுச் சேலை ஒன்று இருந்தது. லிங்கதுரை வாங்கி வைத்திருக்கிறான். கையில் தரவில்லை.

கனி சேலையைத் தடவிப் பார்த்து, "என்ன கலர் மைனி?" என்றாள்.

"மாம்பழ மஞ்சள்."

"ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்."

ஜனவரி 28

கிளினிக்கைத் திறந்தேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. முதலில் வந்தவர் இருமல்காரர். முழுதாகக் கேட்டேன், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தேன், எக்ஸ்ரேக்கு எழுதினேன். "சாதா இருமலுக்கு இவ்வளவா?" என்றார். போய் எடுத்துவிட்டு வாருங்கள், அப்புறம் மருந்து என்றேன். இனி அவர் என்னிடம் வரமாட்டார்.

பல்சட்டில்லா டப்பி அலமாரியில் அதன் இடத்திலேயே இருக்கிறது. எத்தனையோ பேருக்குக் கொடுத்த மருந்துதான். அதை எடுக்கப் போன கை பாதியில் நின்றுவிட்டது.

பிப்ரவரி 9

காலையில் கிளினிக்கைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். குளியலறையில் இருந்து கனி கூப்பிட்டாள். சாதாரணக் குரல் இல்லை. விழுந்துவிட்டாளோ என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை வெளியே நீட்டினாள். கையில் உள்பாவாடை.

"நனைஞ்ச மாரி இருக்கு மைனி. தண்ணி பட்டுச்சா, இல்ல அதுவான்னு எனக்குத் தெரியல. செவப்பா இருக்கா பாருங்க."

வாங்கி, வெளிச்சத்துக்குப் போய் விரித்தேன். சிவப்பு. கை அகலத்துக்கு, நல்ல சிவப்பு. உவரியில் மண் சுமந்து, காபியை விட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என் சீனி உருண்டைகளை நாக்கடியில் கரையவிட்டுக் கரையவிட்டு அவள் காத்திருந்தது இதற்குத்தான். இந்த வீட்டில் அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

"செவப்புதான் கனி" என்றேன். மறுபடியும் சொன்னேன்.

பிறகு அவள் கை கதவிடுக்கில் மறுபடியும் வந்தது. காற்றில் துழாவி, என் தோளைக் கண்டுபிடித்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"நல்லாப் பாத்தியளா மைனி?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பார்த்துச் சொன்னேன்.